இருநூற்றுப் பதினான்கு பேரின் கதவு எண்

அத்தியாயம் ஒன்பது

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆணியில் டோக்கன் இல்லை.

அதை முதலில் கண்டவர் பக்கத்துக் குடிசை யோலானா. கைக்கொன்றாக இரண்டு பிளாஸ்டிக் கேன்களுடன் வழக்கம்போல எண்பத்தேழாம் எண் வீட்டு வாசலுக்கு வந்தவர், கதவுச் சட்டத்தில் அடித்திருந்த ஆணியைப் பார்த்தார். பிறகு ஆணிக்குக் கீழே தரையைப் பார்த்தார். பிறகு யாரையும் கூப்பிடாமல் கேன்களை இறக்கி வைத்துவிட்டு நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை சேரத் தொடங்கியது.

இத்தொடரை இவ்வாரம்தான் முதன்முறையாகக் கையில் எடுக்கும் அன்பர்களுக்காக இரண்டொரு வார்த்தை சொல்லிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

பொடோக் என்று நாங்கள் அழைக்கும் எங்கள் ஓடைக்கரைக் குடியிருப்பு, கிழக்கு ஸ்லோவாகியாவில் ஒரு சிறு நகரத்தின் எல்லையில் இருக்கிறது. ரோமா மக்களின் வீடுகள் நாற்பத்தொன்று. அவற்றில் அனுமதி பெற்றுக் கட்டப்பட்டது ஒன்றே ஒன்று. காலஞ்சென்ற லயோஷ் கட்டிய எண்பத்தேழாம் எண் வீடு. ஏனைய நாற்பதும் நகராட்சியின் வரைபடத்தில் இல்லை. கதவு எண் இல்லாதவருக்குக் குடியிருப்புப் பதிவு கிடையாது. பதிவு இல்லாதவருக்கு மருத்துவர் கிடையாது. அவர் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடையாது. ஆகையால் லயோஷ், உரிமையாளர் என்ற முறையில் கையெழுத்திட்டு, கேட்டவர்களை எல்லாம் தம் வீட்டு எண்ணிலேயே பதிந்துகொள்ளச் செய்தார். இரண்டே அறைகள் கொண்ட அந்த வீட்டில், பதிவேட்டின்படி, இன்று இருநூற்றுப் பதினான்கு பேர் வசிக்கிறார்கள்.

இரண்டாண்டுகளுக்கு முன் நகராட்சி சாலை முனையில் ஒரு தண்ணீர் இயந்திரத்தை நிறுவியது. கதவு எண் ஒன்றுக்கு ஒரு டோக்கன் என்பது விதி. விதிப்படி பொடோக்குக்கு ஒரு டோக்கன் வந்தது. நீல நிறத்தில், கோட்டுப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கும். பச்சைக் குழந்தையின் மணிக்கட்டில் கண்ணேறு படாமலிருக்கக் கட்டும் சிவப்பு நூலில் ஒரு துண்டை எடுத்து யோலானாதான் அதில் கட்டினார். நாளொன்றுக்கு முந்நூறு லிட்டர் கிடைக்கும். பிறகு இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரியும். பிந்தி வந்தவர்கள் ஓடைக்குப் போவார்கள். இந்த இலையுதிர்காலத்தில் இருபத்து மூன்று பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது.

லயோஷின் மகன் அர்பாத் கொத்தனார். அவர் மனைவி ஜனெட்டா. அவர்களுடைய ஆறு வயது மகள் விவியன் அந்த இருபத்து மூவரில் ஒருத்தி. பதினொரு நாட்களாக மாவட்ட மருத்துவமனையில் இருக்கிறாள். சென்ற வாரம் நகராட்சி அக்குடும்பத்துக்கு நகருக்குள் ஒரு வாடகை வீடு ஒதுக்கியதையும், வீட்டைப் பார்க்கப் போன ஜனெட்டா சமையலறைக் குழாயைத் திறந்து அதன் கீழே கையை நீட்டியபடி நெடுநேரம் நின்றதையும் வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாள் இந்தப் புதன்கிழமை. அலுவலக நேரம் பகல் பன்னிரண்டு மணிவரை. விவியனை மருத்துவமனையிலிருந்து விடுவிப்பது அதே நாள் பிற்பகல் மூன்று மணிக்கு.

அர்பாத்தின் தங்கை கிஸெலா, குடியிருப்பின் சுகாதாரப் பணியாளர், ஏழு மணிக்குத் தோள்பையுடன் வந்தபோது வரிசையில் பதினாறு பேர் நின்றிருந்தார்கள்.

"ஆணியில டோக்கனக் காணோம்," என்றார் யோலானா. "எலி தூக்கிட்டுப் போச்சா, உங்கண்ணன் தூக்கிட்டுப் போனாரான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு."

கிஸெலா உள்ளே போனார்.

ஜனெட்டா போர்வைகளை மடித்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். படுக்கையின் மேல் ஒரு ஜோடி குழந்தைச் செருப்பு இருந்தது. வீட்டுக்குள் அணிவது, அட்டை விலைச்சீட்டு இன்னும் கழற்றப்படவில்லை. அண்ணன் எங்கே என்று கிஸெலா கேட்டார். ஆறு மணிப் பேருந்தில் போய்விட்டதாகப் பதில் வந்தது. டோக்கன் எங்கே என்று கேட்டார். அதற்கு ஜனெட்டா கயிற்றில் முடிச்சுப் போட்டு முடித்த பிறகே வாய் திறந்தார்.

ஒப்பந்தத்துடன் ஓர் இணைப்பு இருந்தது. புது வீட்டுக்குக் குடியேறுபவர், இப்போது இருக்கும் வீட்டை நகராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். நகராட்சி அதை இடித்து அகற்றும். வீட்டின் எண் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். அந்த எண்ணுக்கு வழங்கிய தண்ணீர் டோக்கனைக் கையெழுத்திடும் மேசையிலேயே திருப்பித் தர வேண்டும்.

"எப்பத்திலிருந்து தெரியும் அண்ணி?"

"மூணு நாளா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"உன்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி." ஜனெட்டா அடுத்த போர்வையை எடுத்தார். "ஒன்பது வருஷமா நோட்டுல பேரு எழுதறே நாத்தனாரே. யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பேதி, எல்லாம் எழுதறே. உன் நோட்டுல இருந்து ஒரு சொட்டுத் தண்ணி வந்திருக்கா? வந்திருந்தா சொல்லு, இந்தக் கட்டை அவுத்துடறேன்."

 கிஸெலாவின் தோள்பையில் சென்ற வாரம் மாவட்டச் சுகாதார அலுவலகம் அனுப்பிய கடிதம் இருந்தது. நோயாளிகள் இருபத்து மூவரும் ஒரே முகவரியைச் சேர்ந்தவர்கள் என்பதால், இது ஒரு வீட்டினுள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவிய தொற்று என்று முடிவு செய்திருந்தார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளில் நோய் கண்டால் மட்டுமே நீர் ஆதாரத்தைச் சோதிக்கும் கடமை அவர்களுக்கு உண்டு. கைகளைச் சோப்பிட்டுக் கழுவும்படி அந்த வீட்டாருக்கு அறிவுரை வழங்குமாறு கிஸெலாவைப் பணிவுடன் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கிஸெலா தம் நோட்டில் நாற்பத்தொரு வீடுகளுக்கும் தாமாகவே வரிசை எண் இட்டு, எந்த வீட்டில் யார் படுத்தார் என்று நாள்வாரியாக எழுதியிருந்தார். ஒரு பணியாளரின் சொந்த நோட்டு அரசு ஆவணம் ஆகாது என்பதையும் அதே கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார்கள்.

மருத்துவமனையில் முகவரி பற்றிக் கேட்ட எந்தக் கேள்விக்கும் எங்கள் மக்கள் "எண்பத்தேழு" என்றுதான் சொல்வார்கள். ஓட்டையான கூரையின் கீழே பிறந்தவர்கள்கூட அந்த எண்ணைச் சொல்லும்போது சற்று நிமிர்ந்துகொள்வார்கள். அது லயோஷ் கொடுத்த எண். இருபத்து மூவரும் வேறு எதையும் சொல்லவில்லை.

கிஸெலா வெளியே வந்து நடந்ததைச் சுருக்கமாகத் தெரிவித்தார். சத்தம் எழும் என்று எதிர்பார்த்தவருக்கு வியப்புதான் மிஞ்சியது. வரிசை அமைதியாகக் கலைந்தது. இன்று எல்லோரும் ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார்.

"விறகுக்கு எந்த எண்ணுல டோக்கன் குடுக்கறாங்க?" என்றார் யோலானா. கேன்களை எடுத்துக்கொண்டு இரண்டடி நடந்தவர் திரும்பி நின்றார். "அர்பாத் போகட்டும். நானா இருந்தா போன வாரமே போயிருப்பேன். ஆனா டோக்கனைச் சாயங்காலம் வரைக்கும் விட்டு வெச்சிருக்கலாம்."

கிஸெலா ஒன்பது மணிப் பேருந்தைப் பிடித்தார்.

நகராட்சி அலுவலகத்தின் இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில், ஜன்னலை ஒட்டிய பெஞ்சில் அர்பாத் அமர்ந்திருந்தார். திருமணங்களுக்கும் துக்கங்களுக்கும் அணியும் கறுப்புக் கோட்டு. தங்கையைக் கண்டதும் அவர் எழவில்லை. சற்றே நகர்ந்து இடம் விட்டார்.

"டோக்கன் எங்கண்ணே?"

அர்பாத் கோட்டுப் பையைத் தொட்டுக் காட்டினார்.

"யோலானா காலைல ரெண்டு கேனோட நின்னா."

"தெரியும். நிப்பான்னு தெரிஞ்சுதான் ஆறு மணி பஸ்ஸைப் பிடிச்சேன்."

அவர் அன்று காலை எதுவும் சாப்பிடவில்லை என்பதை முகத்திலிருந்தே ஊகித்த கிஸெலா, பையிலிருந்து மரிக்லி ரொட்டிப் பொட்டலத்தை எடுத்தார். அதனுடன் சேர்ந்து நான்காக மடித்த ஒரு படிவமும் வெளியே வந்து தரையில் விழுந்தது. அர்பாத் குனிந்து எடுத்தார். மடிப்புகளில் தாள் நைந்திருந்தது. விரித்துப் பார்த்தார்.

"என் பேரு போட்டிருக்கு."

"பழசு. குடுண்ணே."

அவர் கொடுக்கவில்லை. மெதுவாக, முழுவதையும் படித்தார். அது குடியிருப்பு நெரிசல் பற்றி வீட்டு உரிமையாளர் தாமே தரும் அறிக்கை. எண்பத்தேழாம் எண் வீட்டில், நாற்பத்தாறு சதுர மீட்டர் பரப்பில், இருநூறுக்கும் மேற்பட்டோர் பதிவாகியுள்ளனர். இது அங்கு வாழும் குழந்தைகளின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் ஆபத்து. அலுவலர்கள் நேரில் வந்து ஒவ்வொரு குடும்பமும் உண்மையில் எங்கே வசிக்கிறது என்று பார்த்து எழுதுமாறு கோருகிறேன் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து இடம் மட்டும் காலி.

அத்தகைய அறிக்கையை உரிமையாளர் ஒருவர்தான் தர முடியும். தந்தால் முப்பது நாட்களுக்குள் நகராட்சி ஆள் அனுப்பியாக வேண்டும். அவர்கள் எழுதும் பட்டியலில் நாற்பத்தொரு வீடுகளும் தனித்தனியே இடம்பெறும். அதன் நகல் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போகும். இருபத்து மூன்று நோயாளிகளும் பதினைந்து வெவ்வேறு வீடுகளுக்குப் பிரிந்து போவார்கள். ஓடையைச் சோதிக்காமல் இருக்க அதன் பிறகு எவராலும் முடியாது. விசாரணை முடியும்வரை அந்த வீட்டை உரிமையாளர் ஒப்படைக்கவும் முடியாது.

"ரெண்டு வருஷத்து முந்தின தேதி போட்டிருக்கே," என்றார் அர்பாத். "ஏன் என்கிட்ட காட்டல?"

"காட்டியிருந்தா நீ கையெழுத்துப் போட்டிருப்பே. அதான் காட்டல."

சற்று நேரம் இருவரும் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். தாழ்வாரத்தின் மறுகோடியில் ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர்கள் இருவரும் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள்.

"அண்ணே, நீ உள்ள போ. அவங்க குடுக்கறதுல கையெழுத்துப் போடு. நான் தடுக்க வரல. டோக்கனை இன்னொரு நாள் வெச்சுக்க முடியுமான்னு கேக்கத்தான் வந்தேன்."

தாம் சொன்னது முழு உண்மைதானா என்பதைக் கிஸெலா பின்னாளிலும் உறுதியாகச் சொல்லவில்லை. உண்மை என்றே கொள்வோம்.

பதினொன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. "அர்பாத், உள்ள வா," என்றது ஒரு குரல். அவர் படிவத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

அறைக்குள் நடந்ததை அவர் பிறகு தங்கையிடம் சொன்னபடியே இங்கே தருகிறேன்.

வீட்டுப் பிரிவு அதிகாரி திருமதி பிளாஷ்கோவா நல்ல மனநிலையில் இருந்தார். மேசையின் மேல் ஒரு சிறு ரொட்டியும் ஒரு கிண்ணத்தில் உப்பும் வைத்திருந்தார். புதிதாகக் குடியேறுபவர்களை ரொட்டியும் உப்பும் கொடுத்து வரவேற்பது நகரத்தின் வழக்கம். ஆனால் பொடோக்கிலிருந்து வந்த எவருக்கும் அதுவரை அவர் அப்படி வைத்ததில்லை. அர்பாத்தை உட்காரச் சொன்னார். எங்கள் மக்களை அந்த அலுவலகத்தில் யாரும் 'நீங்கள்' என்று அழைப்பதில்லை. அதில் கோபம் எதுவும் கலந்திருக்காது, வழக்கம் அவ்வளவே.

"இங்க ஒண்ணு போடு, இங்க ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ஒண்ணு," என்றார். "டோக்கனை அப்படி வை. உனக்கும் நல்லது அர்பாத், எங்களுக்கும் ஒரு தலைவலி விட்டுச்சு."

அந்த எண்ணில் பதிந்திருக்கும் மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று அர்பாத் கேட்டார். முகவரி இல்லாதவர்கள் பட்டியலுக்குப் போவார்கள் என்று அதிகாரி விளக்கினார். மருத்துவர், பள்ளி எல்லாவற்றுக்கும் அவர்கள் புதிதாக மனுச் செய்துகொள்ளலாம். நேரம் ஆகும், ஆனால் செய்யலாம்.

"அந்தக் காமாலைக் கோப்பும் மூடிடலாம்," என்றார் தொடர்ந்து. "எல்லாம் ஒரு வீட்டுக்குள்ள வந்த நோய். வீடே இல்லன்னா கோப்பு எதுக்கு?"

"அதுல பதினேழாவது பேரு என் பொண்ணு மேடம்."

"அவ இனிமே புது வீட்டுப் பொண்ணு. பழசை விடு."

அதை அவர் கனிவுடன்தான் சொன்னார். அர்பாத்தே இதை ஒன்றுக்கு இரண்டு முறை குறிப்பிட்டார்.

அர்பாத் அவர் நீட்டிய பேனாவை வாங்கினார். கோட்டுப் பையிலிருந்து படிவத்தை எடுத்து ஒப்பந்தத்தின் மேல் விரித்து, காலியாக இருந்த இடத்தில் தம் பெயரை எழுதினார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, போய்விட்டு வருவதாகச் சொல்லி எழுந்தார். என்ன தாள் அது என்று அதிகாரி கேட்டபோது, கீழே கொடுக்க வேண்டிய தாள் என்றார்.

தாழ்வாரத்தில் தங்கையைக் கடந்து அவர் நிற்காமல் போனார். கிஸெலா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

தரைத்தளத்தில் தபால் பிரிவின் ஜன்னல் அடைக்கப்படுவதற்கு ஆறு நிமிடங்கள் இருந்தன. அங்கே அமர்ந்திருந்த முதியவர், வந்த தாளின் தலைப்பைக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்துபவர் என்று பெயர் பெற்றவர். படிப்பது மேல்மாடியின் வேலை, முத்திரை தம் வேலை என்பது அவர் கொள்கை. முத்திரை விழுந்த தாளுக்குப் பதில் எழுதாமல் நகராட்சியால் இருக்க முடியாது. இதைப் பொடோக்கில் சிறு பிள்ளையும் அறியும். அவர் தாளுக்கு ஒரு நகல் எடுத்தார். இரண்டிலும் தேதி முத்திரை விழுந்தது. ஒன்றை அவர் ஜன்னல் வழியே தள்ளினார்.

அர்பாத் அதை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

மாடிப்படியில் காலடி கேட்டது. திருமதி பிளாஷ்கோவா இறங்கி வந்தார். ஒரு கையில் கையெழுத்தில்லாத ஒப்பந்தம். மறு கையில் காகிதத்தில் சுற்றிய ரொட்டி. முதியவரிடம் இருந்த மற்றத் தாளை வாங்கிப் படித்தார். அவர் முகம் சிவந்தது; குரல் உயரவில்லை.

"வீட்டு உரிமையாளர்ங்கிற முறையில உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்," என்றார். அர்பாத் அந்த 'உங்களுக்கு' என்ற சொல்லைக் கவனித்தார். "இது முடியற வரைக்கும் அந்த வீட்டை நாங்க இடிக்க முடியாது. இடிக்காம ஒப்பந்தம் செல்லாது. புது வீட்டை மாசக் கடைசி வரைக்கும் உங்களுக்காகப் பூட்டி வைப்பேன். அதுக்கப்புறம் வரிசையில அடுத்த குடும்பம். உங்க மேலேயே நீங்க புகார் கொடுத்திருக்கீங்க, தெரியுதா?"

"தெரியுது மேடம்."

 அதிகாரி காகிதப் பொட்டலத்தை நீட்டினார். "குழந்தைக்குக் குடுங்க. எப்படியும் காய்ஞ்சுதான் போகும்."

 மருத்துவமனைக்குப் போகும் பேருந்தில் அர்பாத், ஜனெட்டாவிடம் யார் சொல்வது என்று கேட்டார். நீதான், என்றார் கிஸெலா.

தொற்றுநோய் வார்டின் காத்திருப்புக் கூடத்தில் ஜனெட்டா மூன்று மணிக்கு முன்பே வந்து அமர்ந்திருந்தார். விவியன் அவருக்குப் பக்கத்தில் காலாட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண்களில் மஞ்சள் முற்றிலும் போய்விட்டிருந்தது, கன்னம்தான் வற்றியிருந்தது. புதுச் செருப்புகள் ஏற்கெனவே காலில் இருந்தன.

"அப்பா, குழாய் வீட்டுக்கு எந்த பஸ்?" என்றாள்.

ஜனெட்டா கணவரின் கைகளைப் பார்த்தார். சாவி இருக்க வேண்டிய கையில் ரொட்டி இருந்தது. அர்பாத் ரொட்டியை மகளிடம் கொடுத்தார்; முத்திரையிட்ட நகலை மனைவியிடம் கொடுத்தார்.  சொல்லத் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் படிக்கட்டில் ஏறும்போதே மறந்துவிட்டதாக அவர் பிறகு கூறினார்.

ஜனெட்டா எழுந்து நின்று, ஜன்னல் வெளிச்சத்தில் தாளை முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு," என்றார். "நம்ம கல்யாணப் பதிவுல கூட இவ்வளவு நல்லாப் போடல நீ."

"ஜனெட்டா..."

"பேசாத. இப்ப பேசாத." அவர் தாளை மடித்தார். கிஸெலாவின் பக்கம் பார்வை போனது. "உன் நோட்டுல இருந்து தண்ணி வரலன்னு காலைல சொன்னேன். வீடும் போச்சு. திருப்தியா?"

 படிவத்தைப் பைக்குள் இன்னும் ஆழமாக வைத்திருக்கலாம் என்று கிஸெலாவுக்குத் தோன்றியது. அப்படி வைக்காததே நல்லது என்றும் தோன்றியது.

அப்போது மருத்துவமனையின் சமூகப் பணியாளர் ஒரு கோப்புடன் வந்தார். இளைஞர், களைத்திருந்தார், மிகுந்த மரியாதையுடன் பேசினார். பிள்ளையை அழைத்துச் செல்லுமுன் தாயிடம் நான்கைந்து கேள்விகள் கேட்டு எழுத வேண்டும், வழக்கமான ஒன்றுதான் என்றார்.

அது எவ்வளவு வழக்கமான ஒன்று என்பதைக் கிஸெலா அறிவார். வீடு பிள்ளைக்குத் தகுதியானதல்ல என்று அந்தத் தாளில் தெரிந்தால், பிள்ளை வார்டிலேயே நிறுத்தி வைக்கப்படும். குழந்தை நலத்துறை வந்து பார்க்கும். போன வருடம் அப்படி நிறுத்தி வைக்கப்பட்ட இரண்டு பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவர அவர்களுடைய பெற்றோருக்கு எட்டு மாதங்கள் ஆயின. அண்ணன் கையெழுத்திட்ட அறிக்கையின் மூன்றாம் வரி அவருக்கு மனப்பாடம், எழுதியவரே அவர்தானே. 'அங்கு வாழும் குழந்தைகளின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் ஆபத்து.' அந்த வரி இப்போது ஜனெட்டாவின் கையில், நான்காக மடிந்து இருந்தது.

அதைக் கண்களால் காட்ட முயன்றார் கிஸெலா. ஜனெட்டாவுக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

"வீட்டுல குடிதண்ணி எங்கிருந்து வருதுங்க?" என்றார் இளைஞர், பேனாவைத் திறந்து.

ஜனெட்டா மடித்த தாளை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார்.

"குழாய்."

"எத்தனை அறை?"

"ரெண்டு."

"எத்தனை பேர் இருக்கீங்க?"

அர்பாத் வாயைத் திறந்தார். பகலில் ஒருமுறை உண்மையை எழுதிய மனிதருக்கு அது பழகிப்போயிருக்க வேண்டும். ஜனெட்டா அவர் காலின் மேல் தம் காலை வைத்து அழுத்தினார்.

"மூணு பேர்."

"வேற யாரும்?"

"வேற யாரும் இல்ல."

"முகவரி?"

"எண்பத்தேழு," என்றார் ஜனெட்டா. சற்று நிமிர்ந்துகொண்டு சொன்னார்.

விவியன் ரொட்டியின் உள்பகுதியைத் தின்றுவிட்டு, கடினமான ஓட்டைத் தந்தையிடம் நீட்டினாள். இளைஞர் தாளைத் திருப்பிக் காட்டினார், ஜனெட்டா கையெழுத்திட்டார். அன்றைய தேதி முத்திரை அதன் மேலும் விழுந்தது.

வாசல் வரைக்கும் நால்வரும் நடந்தார்கள். புது வீடு மாதக் கடைசி வரைதான் காத்திருக்கும் என்பதை அர்பாத் அப்போதுதான் சொன்னார். பேருந்து நிறுத்தத்தில் ஜனெட்டா கணவரிடம் கையை நீட்டினார். எதைக் கேட்கிறார் என்று முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு கோட்டுப் பையிலிருந்து, சிவப்பு நூல் கட்டிய டோக்கனை எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னைக்கு யாரும் எடுக்கல," என்றார் ஜனெட்டா. "முந்நூறு லிட்டரும் அப்படியே இருக்கும். முதல் கேன் இவளுக்கு. ரெண்டாவது யோலானாவுக்கு. மாசக் கடைசி வரைக்கும் இவ ஓடைப் பக்கம் ஒரு அடி வைக்கக் கூடாது. அதுக்குள்ள உன் முத்திரை ஏதாவது செஞ்சுதான்னு பாக்கறேன். செய்யலன்னா, நான் இவளைக் கூட்டிக்கிட்டு எங்க போறேன்னு நீ கேக்கக் கூடாது."

அர்பாத் மகளைத் தூக்கிக்கொண்டார்.

பேருந்து வளைவில் தெரிந்தபோது பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. அந்த இளைஞர்தான். மூச்சு வாங்கியது. கையில் ஓர் ஒட்டிய உறை.

"கிஸெலா அக்கா, நாளைக்கு வியாழன் தானே, மாவட்ட அலுவலகத்துக்கு நீங்க போவீங்கல்ல? இதையும் சுகாதாரப் பிரிவுல சேர்த்துடுங்க. பாப்பாவோட தாள்தான். நம்ம தபால்ல போட்டா ஒரு வாரம் ஆகுது."

நகராட்சியின் தபால் வண்டி வியாழக்கிழமைதோறும் காலையில் மாவட்டத்துக்குப் போகும். புதன்கிழமை முத்திரை விழுந்த அர்பாத்தின் அறிக்கையும் அதில் போகும். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் எண்பத்தேழாம் எண்ணுக்கு ஒரே கோப்பு, ஒரே மேசை; இருநூறு பேர் என்ற தாளும் மூன்று பேர் என்ற தாளும் அங்கேதான் சேரும். அங்கே அமர்ந்திருக்கும் அம்மையார் ஒவ்வொரு தாளையும் இருமுறை படிப்பவர் என்பது கிஸெலாவுக்கு ஒன்பது ஆண்டுகளாகத் தெரியும்.

"குடு தம்பி," என்றார்.

பையின் பக்க அறையில், இரண்டு வருடங்களாக அந்தப் படிவம் இருந்த இடம் அன்று காலையிலிருந்து காலியாக இருந்தது. உறை அதில் சரியாகப் பொருந்தியது.